வாய்க்கால் கரைக்கு ஓட்டம் திரும்பிய கதை

போன வாரம் ஓட்டக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் நான் வேலை பார்த்த தபால் ஆபீஸில் இப்போது குமாஸ்தாக்கள். பாளையங்கோட்டை மைதானத்தில் தொடங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, டவுன் வரை போய்த் திரும்பும் வருஷாந்திர ஓட்டத்துக்கு இந்த முறை விழா மலர் போடுகிறார்களாம். ஆரம்ப காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான் என்பதால், ஓட்டத்தின் சரித்திரத்தை நானே எழுதித் தர வேண்டும் என்றார்கள். சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். வயசான காலத்தில் ஒருவர் வந்து கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

எழுந்து போகும்போது ஒருவர் சொன்னார்: "இன்னொரு விசயம் அண்ணாச்சி. திரும்பி வருத வழியில அந்த வாய்க்கால் கரைச் சுத்து இருக்குல்லா, அத இந்த வருசம் எடுத்துருதோம். நேரே தெரு வழியா விடப் போறோம். புதுப் பாதைன்னு பெரிய மனுசன் யாரையாவது வச்சுத் தொறக்கணும். யாரைக் கூப்பிடலாம்னு நீங்க சொல்லுங்க."

"அந்தச் சுத்து எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா வே?" என்று கேட்டேன்.

"ஆத்தோரமா காத்து நல்லா வரும்னு வச்சிருப்பாவ."

காற்றாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் மேல் கோபமில்லை. அவர்கள் பிறப்பதற்கு முந்தைய விஷயம். ஆனால் ஒரு ஊரே சேர்ந்து ஒரு காரியத்தை இவ்வளவு சுத்தமாக மறக்க முடியுமா என்று நினைத்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே மலருக்காக எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் பதினெட்டு வயதில் தபால் வேலைக்கு வந்தேன். முதல் சில வருஷங்கள் அரக்கு உருக்குவதிலும் பை வாயைத் தைத்து முத்திரை வைப்பதிலும் கழிந்தன. கை சுட்டுச் சுட்டு, பிறகு சுடாமலே வேலை செய்யப் பழகியதும் என்னை ஓவர்சியராக்கினார்கள். ஓவர்சியர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தபால் பை சுமந்து ஓடும் ரன்னர்களை மேய்ப்பதுதான் வேலை. அப்போது மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கமெல்லாம் ரயில் போக ஆரம்பித்திருந்தது. ரயில் தொடாத ஊர்களுக்கு ரன்னர்தான்.

தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய குட்டை ஈட்டி. சலங்கைச் சத்தம் கேட்டால் மாட்டு வண்டி ஒதுங்க வேண்டும், கல்யாண ஊர்வலமும் ஒதுங்க வேண்டும். ரன்னர் வழியில் நிற்கக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. அடுத்த ரன்னரின் தோளுக்குத்தான் பை மாற வேண்டும். சர்க்கார் பையை மறித்தவன் ஜெயிலுக்குப் போவான். இந்த விதிகளை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

எனக்கு மேலே இருந்தவர் சூப்பிரண்டு தேவசகாயம் ஐயா. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வந்த கிறிஸ்தவர். சித்திரை வெயிலிலும் கருப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார், ரன்னர்களைக்கூட. நாங்கள் எல்லாம் ரன்னர்களை 'ஏலே' என்று கூப்பிட்ட காலம் அது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்து, "விதி என்ன, நீங்களே சொல்லுங்க" என்பார். அவன் சொல்லுவான். "நீங்க செஞ்சது என்ன?" என்பார். அதையும் அவனே சொல்லுவான். இரண்டையும் சொல்லி முடிக்கும்போது அவனுக்கே தண்டனை தெரிந்துவிடும். இதற்கு அடி வாங்கிக்கொண்டு போகலாம் என்று ரன்னர்கள் முணுமுணுப்பார்கள்.

ஓட்டத்தை ஆரம்பித்தது அவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ரன்னர்களின் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே மைதானத்திலிருந்து டவுனுக்கு ஓடவிட்டார். அடுத்த வருஷம் பள்ளிக்கூட வாத்தியார்கள் தங்கள் பையன்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அதற்கடுத்து கான்ஸ்டபிள்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள் என்று வந்து சேர்ந்தார்கள். பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவரிலும் ஜனங்கள் காக்கை மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சர்பத் கடைக்காரர்களுக்கு அது தேர்த் திருவிழாவுக்கு அடுத்த பெரிய வியாபார நாளாகிவிட்டது.

கூட்டம் சேர்ந்தால் பித்தலாட்டமும் சேரும். ஒரு வருஷம் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர் முதல் ஆளாக வந்து நின்றார். மூச்சு வாங்குகிற மாதிரி நன்றாகவே நடித்தார். சூப்பிரண்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திருநீறு எந்தக் கடையில வாங்குனீங்க? நானும் சிநேகிதர்களுக்கு வாங்கிக் குடுக்கணும்" என்றார். பார்த்தால், மனிதர் நெற்றியில் மூன்று பட்டையில் ஒரு கீற்றுகூடக் கலையவில்லை. பாலத்துக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து ஓடி வந்திருக்கிறார்.

அதன் பிறகுதான் நூல் வந்தது. டவுன் முனையில் ஒரு ஆள் மூங்கில் கம்பு நுனியில் சிவப்பு நூல் கண்ணிகளைத் தொங்கவிட்டு நீட்டிக்கொண்டு நிற்பார். ஓடுகிறவர் வேகம் குறையாமல் கையை விட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். மணிக்கட்டில் நூல் இருந்தால் ஓட்டம் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. ஒருவரை ஒருவர் தொட வேண்டியதில்லை, பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்தவர் சூப்பிரண்டு. எல்லாவற்றையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கூட்டம் இன்னும் பெருகியதும் போகவும் வரவும் ஒரே ரோடு போதவில்லை. வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அதனால் ஒரு வருஷம், போகும்போது பெரிய ரோடு, வரும்போது ஆற்றோரமாக ஒரு தெரு வழியாகப் பாலத்துக்கு என்று கமிட்டி முடிவு செய்தது. தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த தெரு அது. அவள் பேரன் பேத்திகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தெரு நடுவில் ஒரு பிள்ளையார் கோவில். அதன் பக்கத்தில் இரண்டாவது நூல், மஞ்சள் நூல். அந்தக் கம்பைப் பிடிக்க என் அத்தானையே கேட்டுக்கொண்டேன்.

அத்தான் சங்கரலிங்கம் சாதுவான மனிதர். கோவிலில் பாடுவார், நல்ல குரல். எறும்பு வரிசையைக் கண்டால் தாண்டித்தான் கால் வைப்பார். அவர் குரலை உயர்த்தி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று அக்காவே சொல்லுவாள்.

இனி சுடலைமுத்து. அந்த நாளில் அவரை நான் 'அவன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆற்றோர ஊர்களின் தபாலைத் தினமும் காலையில் டவுன் ஆபீஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ரன்னர் அவர். ஒல்லியான உடம்பு, நீளமான கால். அவர் அப்பாவும் ரன்னர். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும்போது பையை மேட்டில் எறிந்துவிட்டுத் தண்ணீரோடு போனவர். வீட்டில் கண் தெரியாத அம்மா, மனைவி, ஒரு கைக்குழந்தை.

சுடலைமுத்துவின் சாதியார் அந்தத் தெருவுக்குள் வரக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தினமும் காலையில் சலங்கை குலுங்க அவர் அந்தத் தெரு வழியாகத்தான் பையோடு ஓடி வந்தார். கோலம் போடுகிற பெண்கள் எழுந்து ஒதுங்குவார்கள். அத்தான் படியில் ஏறி நின்று வழி விடுவார். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் ஒன்றும் தோன்றாது. ஓட்டத்துக்கு வழி போட்டபோது சூப்பிரண்டுக்கோ, எனக்கோ, கமிட்டியில் வேறு ஒருவருக்கோ எதுவுமே உறைக்காமல் போனது இதனால்தான்.

அந்த வருஷ ஓட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆற்றோர ஊர்களுக்குக் குதிரை பூட்டிய மெயில் வண்டி வரப் போகிறது, சுடலைமுத்துவின் லைன் மூடப்படும் என்று பேச்சு வந்துவிட்டது. ஆபீஸில் ஒரு பியூன் இடம் காலியாக இருந்தது. ரன்னர்களில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கே அந்த இடம் என்று சூப்பிரண்டு சொல்லிவிட்டார். நிரந்தர வேலை, காக்கிச் சட்டை, கடைசிக் காலத்தில் பென்ஷன். வேலை போகிற ரன்னருக்கு அது மறுபிறவி மாதிரி.

"என்னலே சுடலை, இடம் உனக்குத்தானா?" என்று கேட்டேன்.

"காலு இருக்குய்யா. பாப்போம்" என்றார்.

ஓட்டத்தன்று என்னை அந்தத் தெரு முக்கில் நிறுத்தியிருந்தார்கள். பெரிய ரோட்டிலிருந்து வருகிறவர்களைத் தெருவுக்குள் திருப்பிவிடுவது என் வேலை. தெருவில் இரண்டு பக்கமும் வாசலில் ஜனங்கள். பிள்ளையார் கோவிலருகே அத்தான் கம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முதலில் வந்தது சுடலைமுத்து. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை அவருக்குத்தான் என்று நினைத்தேன்.

தெரு முக்குக்கு வந்தவர் நின்றுவிட்டார். ரன்னர் நிற்பதை நான் பார்த்ததே கிடையாது. வலது கை தானாகத் தோளுக்குப் போனது. பை தொங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்த்தது. தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது பக்கம், வீடுகளுக்குப் பின்னால் போகும் வாய்க்கால் கரையில் இறங்கினார்.

"ஏலே, எங்கலே போற? நேரே போ, நேரே" என்று கத்தினேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சேற்றில் கால் புதைய ஓடிப் போனார். இவருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று திகைத்து நின்றேன். தெருவைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தான் கம்பை நீட்டியபடியே நின்றார். அடுத்து பிச்சையா என்ற இன்னொரு ரன்னர் வந்தார். அவர் அந்தத் தெருவில் நடக்கக்கூடிய சாதிக்காரர். தெருவுக்குள் நுழைந்து மஞ்சள் நூலை மாட்டிக்கொண்டு போனார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரு குதிரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சுடலைமுத்து சூப்பிரண்டின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. அவ்வளவு சுற்றியும் பிச்சையாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"நூலைக் காட்டுங்க" என்றார் சூப்பிரண்டு.

சிவப்பு மட்டும் இருந்தது.

"மஞ்சள் எங்க?"

"தெரு வழியா வரலய்யா. கரை வழியா வந்தேன்."

"யாராவது தடுத்தாங்களா?"

"இல்லய்யா."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலய்யா."

"பின்ன ஏன் தெருவுக்குள்ள போகல?"

சுடலைமுத்துவின் கை மறுபடியும் தோளுக்குப் போனது. "பை இல்லையேய்யா" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏதோ தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் பைதான் ஓடியிருக்கிறது. அதன் கீழே இருந்த ஆளை யாரும் உள்ளே விடவில்லை. தினமும் நேருக்கு நேர் பார்த்த காட்சி, அந்த ஒரு வார்த்தை கேட்கும் வரை எனக்குப் புரியவில்லையே என்று விக்கித்துப் போனேன்.

சூப்பிரண்டு சிரிக்கவில்லை. அவருடைய வழக்கமான குரலில், "விதி என்ன, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு நூலும் இருக்கணும்யா."

"உங்க கையில?"

"ஒண்ணுதான் இருக்கு."

நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, கரை வழி தெருவை விடத் தூரம். சேறு வேற. அப்படி வந்தும் இவன்தான் முதல்."

"குறுக்கு வழியோ சுத்து வழியோ, நான் போட்ட வழி இல்ல ஓவர்சியர். யாரும் தடுக்கலேன்னு அவரே சொல்லுதாரு" என்றார். பியூன் இடம் பிச்சையாவுக்குப் போயிற்று. பிச்சையா நல்ல மனிதர். காக்கிச் சட்டை போட்ட பிறகு சுடலைமுத்து பை கொண்டுவரும் நேரத்தில் ஆபீஸ் வாசலில் நிற்கவே மாட்டார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானிடம் நேராகவே கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"நான் என்னவே செஞ்சேன் மாப்ள? ஒரு வார்த்த சொன்னேனா? கம்ப நீட்டிக்கிட்டுத்தானே நின்னேன். வந்திருந்தா வந்துட்டுப் போறான். அவனாத்தான் வாய்க்கால் கரைக்குப் போனான். சவத்த விடும், மோரு குடியும்" என்றார்.

அவர் சொன்னதிலும் பொய் எதுவும் தெரியவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "எங்க தாத்தா வேதத்துக்கு வந்து கிறிஸ்தவரான பிறகும் அந்தத் தெருவுக்குள்ள போனதில்ல ஓவர்சியர். அப்பாவும் போகல. நான் மட்டும் போறேன்" என்றார். கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "இதைக் கழட்டிட்டு ஒரு நாளும் போனதில்ல."

என்னை ஆட்டிப் படைக்கிற சூப்பிரண்டு, ஊரே கும்பிடுகிற சூப்பிரண்டு, அவருமா என்று அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்தேன். அவர் பேச்சை மாற்றினார். "அடுத்த வருஷம் யாருக்கும் தெரு வேண்டாம். எல்லாரும் வாய்க்கால் கரை வழியாகவே வரட்டும். மஞ்சள் நூலையும் அங்கயே மாத்திருவோம். இன்னொரு பியூன் இடம் காலியாகப் போகுது. அதை அவருக்காக நிறுத்தி வைக்கிறேன். ஆனா ஓடி ஜெயிக்கணும். விதி விதிதான்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஒரு மனிதர் ஓடிய வழியே ஊருக்கெல்லாம் வழி என்றால் அதைவிட என்ன மரியாதை வேண்டும்? ஓடிப்போய் சுடலைமுத்துவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்பம் தெரு?" என்றார்.

"தெரு அங்கன கிடக்கட்டும்லே. உனக்கு வேலை வேணுமா, தெரு வேணுமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மெயில் வண்டி வருவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால் இன்னும் ஒரு வருஷம் அவர் பை சுமந்தார். வண்டி வருகிற மாதமும் ஓட்டமும் ஒன்றாக வந்தன. குதிரையும் வந்து லாயத்தில் நின்றது. சுடலைமுத்து அந்த ஓட்டத்தை ஜெயித்தால் காக்கிச் சட்டை, இல்லாவிட்டால் வீட்டில் நான்கு வயிறு. அவரை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் கால் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்க்கிற நிம்மதியோடு நான் போய் அதே முக்கில் நின்றேன்.

இந்தத் தடவை மஞ்சள் நூல் கம்பு வாய்க்கால் கரை இறக்கத்தில் இருந்தது. எங்கள் குமாஸ்தா ஒருவர் பிடித்திருந்தார். கரையில் மணல் கொட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். தெருக்காரர்கள் வாசலில் நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். அத்தான் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, கையில் தண்ணீர்ச் செம்போடு பிள்ளையார் கோவில் பக்கம் நின்றார்.

சுடலைமுத்து வந்தார். போன வருஷத்தை விட வேகம். "அங்கன, அங்கன" என்று கரைப் பக்கம் கையைக் காட்டினேன். குமாஸ்தா கம்பை நீட்டினார். சுடலைமுத்து என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். இரண்டையும் விட்டுவிட்டு நேரே தெருவுக்குள் போனார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சலங்கைச் சத்தம் இல்லாமல், பை இல்லாமல், வெறும் தோளோடு அவர் அந்தத் தெருவில் ஓடுவதை அத்தனை பேரும் முதல் தடவையாகப் பார்த்தார்கள். பிறகு யாரோ "எவம்லே அது" என்று அலறினார்கள். பெண்கள் உள்ளே ஓடினார்கள். ஒருவர் விறகுக் கட்டையை எடுத்தார். அவர்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு கை ஓங்கியவர் என் அத்தான். தண்ணீரோடு இருந்த செம்பு பறந்து போய் சுடலைமுத்துவின் நெற்றியில் பட்டது. அந்தச் சத்தம் முக்கில் நின்ற எனக்குக் கேட்டது.

சுடலைமுத்து தடுமாறினார், ஆனால் விழவில்லை. நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடித் தெருவின் மறுமுனையில் மறைந்தார். நான் என் வேலையை மறந்து தெருவுக்குள் ஓடினேன். அத்தான் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். எறும்பைத் தாண்டிக் கால் வைக்கிற மனிதர்.

"மாப்ள, அவன் தெருவுல ஓடுதான்" என்றார் என்னிடம். அதுவே போதும் என்பது போலச் சொன்னார்.

மைதானத்துக்குப் போனேன். சுடலைமுத்து மேஜைக்கு முன்னால் நின்றார். இடது புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது. சூப்பிரண்டு எழுந்து நின்றுவிட்டார். இந்த முறை அவர் விதியைக் கேட்கவில்லை. சுடலைமுத்துவே கையை நீட்டிக் காட்டினார்.

"மஞ்ச நூலு இல்லய்யா. விதி எனக்குத் தெரியும்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார் சூப்பிரண்டு. "வேலை உங்க கையில இருந்துச்சே."

"போன வருசம் கேட்டியளேய்யா, யாராவது தடுத்தாங்களான்னு. அப்பம் எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் சுடலைமுத்து. நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்து, கையைச் சூப்பிரண்டிடம் காட்டினார். "இப்பம் சொல்லுதேன்."

மைதானத்தில் அன்றைக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவுத் தாளில் குமாஸ்தா 'வழி தவறியதால் நீக்கம்' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். சூப்பிரண்டு அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். சுற்றிப் போனதற்கு ஒரு வருஷமும் நேரே போனதற்கு ஒரு வருஷமும் ஒரே மனிதரை நாங்கள் வெளியே தள்ளினோம். இரண்டு வருஷமும் அவர்தான் முதலில் வந்தார்.

செம்பு வீசியதைப் பற்றி நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். சுடலைமுத்து வேண்டாம் என்றுவிட்டார். "பை மேல எறிஞ்சிருந்தா கேஸு நிக்கும்யா" என்றார். அடுத்த வாரம் மெயில் வண்டி ஓட ஆரம்பித்தது. அவர் ஈட்டியையும் சலங்கையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சூப்பிரண்டு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று என்னிடம் வழியைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு வண்டியேறிவிட்டார்.

அக்கா வீட்டில் அந்தச் செம்பு இன்னும் இருக்கிறது, வயிற்றில் ஒரு நெளிசலோடு. அத்தான் சாகும் வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா எனக்கு அதில்தான் ஒரு தடவை மோர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை.

ஓட்டம் வாய்க்கால் கரை வழியாகவே வருஷா வருஷம் நடந்தது. மணல் கொட்டிய கரையில் மரம் வைத்தார்கள், மரம் நிழல் விட்டது, காற்றும் வந்தது. அப்புறம் சுற்று எதற்கு என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

பல வருஷம் கழித்து ஒரு வேலையாகத் தூத்துக்குடி போனபோது துறைமுகத்தில் சுடலைமுத்துவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவர்தான். டீக்கடையில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். வேலையை இப்படிக் கைநழுவ விட்டீரே என்று, இத்தனை வருஷம் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். முதல் தடவையாக நான் அவரை 'நீர்' என்று சொன்னதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"அந்தத் தெரு ரொம்பச் சின்னதுய்யா" என்றார். "பையோட ஓடுதப்ப நீளமாத் தெரியும். அன்னைக்குத்தான் பாத்தேன், பத்து மூச்சுக்குள்ள முடிஞ்சு போச்சு."

தம்பிமாரே, சுற்றை எடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். தாராளமாகத் தெரு வழியே விடுங்கள். ஆனால் புதுப் பாதை என்று மட்டும் மலரில் போடாதீர்கள். அந்தப் பாதையில் ஒருவர் ஏற்கெனவே ஓடி, முதலில் வந்து, மைதானத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். திறந்து வைக்க யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டீர்களே, தூத்துக்குடிக்கு ஆள் அனுப்புங்கள். துறைமுகத்துக் கூலிக்காரர்களிடம் சுடலைமுத்து என்று விசாரியுங்கள், உயிரோடு இருந்தால் சொல்லுவார்கள். இடது புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கும். அவர் வரும்போது கையில் மாட்ட ஒரு மஞ்சள் நூல் எடுத்து வைத்திருங்கள்.